படிப்பதற்கான அமைதியை யார் உண்டாக்கித் தருவது?

திண்டுக்கல் வட்டாரத்தில் திருவிழாக் காலமும் தேர்வுக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. நகரில் கோட்டை மாரியம்மன் கோயிலின் மாசித் திருவிழா தொடங்கிவைக்க, பங்குனியிலும் சித்திரையிலும் நத்தம், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பகுதிச் சிற்றூர்களில் சாமி கும்பிடுகள் அடுத்தடுத்து நடக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் பத்தாம் வகுப்பு மாணவர்களும் பொதுத்தேர்வு எழுதுவது இதே வாரங்களில்தான். வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்து வேதியியல் சமன்பாடுகளை மனத்தில் நிறுத்தப் போராடும் பிள்ளையிடம் வீடும் பள்ளியும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கின்றன: "மனசை ஒருமுகப்படுத்திப் படி. நினைத்தால் எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம்."

இந்த அறிவுரை பாதி உண்மை. மீதிப் பாதியை அது மறைக்கிறது. கவனம் மாணவரின் முயற்சி; அமைதி பிறர் உண்டாக்கித் தர வேண்டிய ஒன்று. யாரோ ஒருவர் இடம் விட்டோ, உறக்கம் விட்டோ, பணம் கொடுத்தோ, அதிகாரத்தைப் பயன்படுத்தியோதான் ஒரு பிள்ளைக்கு அமைதி கிடைக்கிறது. அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதில் சாதியும் வர்க்கமும் வேலை செய்கின்றன. இரைச்சல் படிப்பை எப்படிக் கெடுக்கிறது, நம் குடியிருப்புகளில் அது ஏன் கூடுதலாக இருக்கிறது, இன்றே செய்யக்கூடியவை எவை, சட்டத்தின் வழியாகக் கேட்டுப் பெற வேண்டியவை எவை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

இரைச்சல் மூளைக்குள் என்ன செய்கிறது?

ஒரு வரியைப் படித்து நினைவில் வைக்க முயலும்போது, அதை நமக்குள் ஓசையின்றிச் சொல்லிப் பார்க்கிறோம். இந்த உட்குரலின் துணையால்தான் சொற்களும் எண்களும் வரிசை மாறாமல் மனத்தில் நிற்கின்றன. வெளியிலிருந்து மனிதப் பேச்சு காதில் விழுந்தால் அது இந்த வரிசைக்குள் புகுந்து குழப்புகிறது. 1970களின் பிற்பகுதியிலிருந்து உளவியல் ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். கேட்பவருக்குப் புரியாத மொழியில் அமைந்த பேச்சுகூட நினைவைக் குலைக்கிறது என்பதும், பேச்சின் உரப்பைக் குறைத்தாலும் பாதிப்பு பெரிதாகக் குறைவதில்லை என்பதும் அவர்கள் கண்டறிந்தவை.

இதிலிருந்து நமக்குப் பயன்படும் ஒரு பாடம் கிடைக்கிறது. ஒரே சீராக ஓடும் மின்விசிறியின் ஓசையைவிட, மெல்லிய குரலில் ஓடும் தொலைக்காட்சித் தொடரின் வசனம் படிப்புக்குக் கூடுதல் கேடு செய்யக்கூடும். பாடல் வரிகளும் அப்படியே. பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் நன்றாகப் பதிகிறது என்று பலர் நம்புகின்றனர். மனப்பாடம் செய்ய வேண்டிய பாடத்திற்கு அந்த நம்பிக்கை பொருந்தாது.

நீண்டகாலப் பாதிப்பைக் காட்டும் சான்றுகளும் உண்டு. நியூயார்க் நகரில், உயர்த்தப்பட்ட ரயில் பாதையை ஒட்டி அமைந்த ஒரு பொதுப்பள்ளியை ஆர்லைன் பிரான்சாஃப்ட்டும் அவருடைய சக ஆய்வாளரும் ஆராய்ந்து 1975இல் முடிவுகளை வெளியிட்டனர். அதே பள்ளியில் ரயில் பாதைப் பக்கத்து வகுப்பறைகளில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், மறுபக்கத்து அமைதியான வகுப்பறைகளில் இருந்தவர்களைவிட வாசிப்புத் திறனில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பின்னர் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் திண்டுகள் பொருத்தப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் ஓசையை உறிஞ்சும் பலகைகள் வைக்கப்பட்டன. அதற்குப் பின் நடந்த மறு ஆய்வில் அந்த இடைவெளி மறைந்துவிட்டிருந்தது.

ஜெர்மனியின் மியூனிக் நகர விமான நிலையம் 1992இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டபோதும் இதே உண்மை வெளிப்பட்டது. பழைய நிலையத்தருகே வாழ்ந்த பிள்ளைகளின் வாசிப்பும் நீண்டகால நினைவும் மேம்பட்டன. புதிய நிலையத்தருகே வாழ்ந்த பிள்ளைகளுக்கு அவை குறைந்தன. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தாம். அவர்களைச் சுற்றியிருந்த ஓசை மட்டுமே மாறியிருந்தது. மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து "படிப்பு ஏறாத தலை" என்று சொல்வதற்கு முன்னால், அந்தத் தலை எந்த இரைச்சலுக்குள் இருந்தது என்று கேட்க வேண்டும்.

இரைச்சலுக்கும் ஒரு முகவரி உண்டு

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியில் ஒரு நாள் நடந்து பார்த்தால், இரைச்சல் எல்லாத் தெருக்களிலும் ஒரே அளவில் இல்லை என்பது விளங்கும். ஊருக்கு வெளியே, தாழ்ந்த நிலத்தில், பிறருக்கு வேண்டாத இடத்தில் சேரியை வைத்தது பழைய ஏற்பாடு. நெடுஞ்சாலை, ரயில்பாதை, கல் உடைக்கும் கிரஷர், குப்பை மேடு, சுடுகாடு ஆகியவற்றுக்கு இடம் தேடியபோதும் ஊரார் கை காட்டியது அதே திசையைத்தான். ஊரின் நடுவில் அமைந்த தெருவுக்கு இரைச்சல் திருவிழாவின்போது வரும். ஊரின் ஓரத்தில் வாழும் நமக்கு அது நாள்தோறும் வருகிறது.

வீட்டின் அமைப்பும் இதில் சேர்கிறது. அரசு கட்டித்தரும் தொகுப்பு வீடு பெரும்பாலும் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்டது. பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டம் விதிக்கும் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். அதற்குள் ஐந்து பேர் சமைத்து, உண்டு, உறங்கி, தொலைக்காட்சி பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை தேர்வுக்கும் படிக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் சன்னலையும் கதவையும் அடைத்து உட்கார முடியாது. திறந்தால் காற்றோடு தெருவும் உள்ளே வந்துவிடுகிறது.

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் வேலை செய்வோரின் வீடுகளில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. இரவு ஷிப்ட் முடித்து வந்த தாய் பகலில் உறங்க வேண்டும். மகள் வாய்விட்டுப் படிக்க முடியாது. பாத்திரம் உருட்டாமல் வேலையை முடித்து, தம்பி தங்கையரையும் சத்தமின்றி வைத்திருக்க வேண்டும். தாய்க்கு அமைதியை உண்டாக்கித் தருபவள் அந்தப் பெண். அவளுக்கு அதை உண்டாக்கித் தர வீட்டில் எவரும் மிஞ்சவில்லை.

மாசு என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தின் ஆலைகளையும் உள்ளடக்கியது. கிணற்று நீர் நிறம் மாறியது, நிலம் பாழானது. அவற்றைக் காட்டி வாதாட முடிந்தது. இரைச்சல் எந்தக் கறையையும் விட்டுச்செல்வதில்லை. அதன் விளைவு மதிப்பெண் பட்டியலில் பதிவாகிறது. அங்கே அது மாணவரின் குறையாக எழுதப்பட்டுவிடுகிறது.

பரேல் அறையை எப்படி வாசிப்பது?

எந்தச் சூழலிலும் படிக்கலாம் என்பதற்குச் சான்றாக நம் மேடைகளில் அண்ணல் அம்பேத்கரின் இளமைக்காலம் அடிக்கடி சொல்லப்படுகிறது. பம்பாய் பரேலில் தொழிலாளர் வாழும் பகுதியில் ஓர் ஒற்றை அறை. சமையல், உறக்கம், படிப்பு யாவும் அதற்குள்ளேயே. அந்த அறையிலிருந்து சென்று படித்தவர் 1907இல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறினார். இதைக் கேட்கும் பிள்ளை ஊக்கம் பெறுகிறது, ஐயமில்லை. ஆனால் மன உறுதியின் கதையாக மட்டும் இதைச் சொல்லும்போது முக்கியமான ஒரு செய்தி விடுபட்டுப்போகிறது.

அந்த அறையில் அமைதி தானாக இருக்கவில்லை. தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்லும் ஏற்பாடு இது: மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்துவிட்டு, ஊர் அடங்கிய பின்னிரவு இரண்டு மணியளவில் தந்தை ராம்ஜி அவரை எழுப்பிவிடுவார். இடத்தை விரிக்க வழியில்லாத தந்தை, நேரத்தில் ஓர் அறையைக் கட்டித் தந்தார் என்று இதை வாசிக்கலாம். அதற்கு அவர் கொடுத்த விலை தம் உறக்கம். பிற்காலத்தில் அம்பேத்கர் தாதரில் 'ராஜகிருகம்' இல்லத்தைக் கட்டியபோது, தம் நூலகத்தை மனத்தில் வைத்தே அதைக் கட்டினார். எந்த இரைச்சலிலும் படிக்கலாம் என்று அவர் கருதியிருந்தால் புத்தகங்களுக்காக ஒரு வீடு தேவைப்பட்டிருக்காது. அவரைப் பின்பற்றுவது என்றால், படிக்கும் பிள்ளைக்கு அமைதியை உண்டாக்கித் தருவதையும் சேர்த்தே பின்பற்ற வேண்டும்.

இன்றிரவே செய்யக்கூடியவை

உரிமை கிடைக்கும்வரை தேர்வு காத்திருக்காது. செலவு குறைந்த, பயன் உறுதியான சில வழிகளை முதலில் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, நுரையால் ஆன இயர் பிளக். மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சரியாகப் பொருத்தினால் 20 டெசிபலுக்கு மேல் ஓசையைக் குறைக்கும். பொருத்தும் முறைதான் முக்கியம். விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறுகையால் காதின் மேற்புறத்தை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். காதில் சாதாரணப் பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை. காதில் சீழ் அல்லது வலி இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் வைக்கக் கூடாது.

இரண்டாவது, ஓசையை ஓசையால் மூடுவது. மேலே சொன்னபடி, மாறிக்கொண்டே இருக்கும் பேச்சுதான் கூடுதல் கேடு. மின்விசிறியை அருகில் வைத்துக்கொள்வது, கைபேசியில் மழை ஓசை போன்ற சீரான ஒலியை இயர்போனில் மெதுவாக ஓடவிடுவது ஆகியவை பக்கத்து வீட்டுப் பேச்சை மங்கச் செய்யும். வெளியே கேட்பதை வெல்வதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் செவி கெடும். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த பாதுகாப்பு எல்லை. விலை உயர்ந்த 'நாய்ஸ் கேன்சலிங்' ஹெட்போன்கள் எஞ்சின், விசிறி போன்ற தாழ்ந்த சீரான ஓசைகளைத்தான் நன்கு குறைக்கின்றன. மனிதக் குரலை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. கடன் வாங்கி அவற்றை வாங்க வேண்டிய தேவை இல்லை.

மூன்றாவது, பாடத்தையும் பொழுதையும் பொருத்துவது. புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதையும் தெரு அடங்கிய நேரத்துக்கு ஒதுக்கலாம். கணக்குப் போட்டுப் பழகுவது, படம் வரைவது, பழைய வினாத்தாள்களுக்கு விடை எழுதிப் பார்ப்பது போன்றவற்றை இரைச்சல் மிகுந்த மாலையில் வைத்துக்கொள்ளலாம். உறக்கத்தைக் குறைப்பது இதற்கு வழியாகாது. பின்னிரவில் எழுகிற பிள்ளை முன்னிரவில் உறங்க வீட்டார் வழிசெய்ய வேண்டும்.

நான்காவது, விடுதிகளுக்கு. மாலைப் படிப்பு நேரத்தில் ஒரே கூடத்தில் ஐம்பது பிள்ளைகள் உரக்கப் படிப்பது நம் வழக்கம். ஒருவர் வாசிப்பது மற்ற எல்லோருக்கும் குறுக்கே வரும் பேச்சாகிறது. முதல் பாதி வாய்விட்டு, பின் பாதி அமைதியாக என்று பிரித்தால்கூடப் பெரிய மாற்றம் தெரியும். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. காப்பாளரின் ஒரு முடிவு போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986இன்கீழ் ஒன்றிய அரசு 2000ஆம் ஆண்டில் ஒலிமாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளை வெளியிட்டது. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது எல்லை. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. அமைதி மண்டலத்துக்கு 50, 40. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாகக் கேட்கிறது.

எந்த நேரத்திலும் ஒலிபெருக்கி வைக்க எழுத்துவழி அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு மொத்தம் 15 நாள்களுக்கு மிகாமல், பண்பாட்டு, சமய விழாக்களுக்காக, இரவு 12 மணிவரை மட்டும் மாநில அரசு விலக்கு அளிக்கலாம். விலக்குப் பெற்ற நாள்களிலும் நள்ளிரவுக்குப் பின் இடமில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு ஊரை எழுப்பும் பக்திப் பாடலும் இந்தத் தடைக்குள் வருவதுதான். பொது இடத்தில் வைக்கப்படும் ஒலிபெருக்கியின் ஓசை, அந்த இடத்தின் எல்லையில் அப்பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அல்லது 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. இவ்விரண்டில் எது குறைவோ அதுவே எல்லை.

நீதிமன்றங்கள் இவ்விதிகளை உறுதியாகத் தாங்கிப் பிடித்துள்ளன. சென்னை மாதவரம் பகுதியில் எழுந்த சர்ச் ஆஃப் காட் எதிர் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம் வழக்கில், பிறர் அமைதியைக் குலைக்கும் ஒலிபெருக்கி வழிபாட்டை எந்த மதமும் கட்டளையிடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் கூறியது. முதியோர், நோயாளிகள், குழந்தைகள் ஆகியோரோடு மாணவர்களின் நலனையும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. 2005 ஜூலையில் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோத்தி தலைமையிலான அமர்வு, இரைச்சலற்ற சூழலில் வாழ்வது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று வரையறுத்தது. பேசும் உரிமை ஒருவருக்கு இருப்பதுபோல், கேட்க விரும்பாததைக் கேட்காமல் இருக்கும் உரிமை மற்றவருக்கு உண்டு என்பதே இத்தீர்ப்புகளின் சாரம்.

மாதவரம் வழக்கை நடத்தியது ஒரு 'காலனி'யின் நலச் சங்கம். நகரத்து நடுத்தர வர்க்கத்துக்குக் காலனி என்ற சொல் சங்கத்தையும் வழக்கறிஞரையும் மனுவையும் குறிக்கிறது. நம் ஊர்களில் அதே சொல் ஒதுக்கத்தைக் குறித்தது. அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர் நீங்குவதோடு, அந்தச் சங்கத்துக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பும் நம் தெருக்களுக்கு வந்துசேர வேண்டும்.

புகார் கொடுப்பது எப்படி?

பகலில், ஓசை வரையறையைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் அளிக்கலாம். இரவு நேரத் தடையை மீறினாலே புகார் அளிக்கலாம். அளவு எவ்வளவு என்று நிறுவ வேண்டிய சுமை அங்கே இல்லை. எனவே இரவுப் புகாரே எளியது. அவசர எண்ணான 112 அல்லது 100ஐ அழைத்து, அழைத்த நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். மறுநாள் எழுத்துவழி மனுவை மாவட்ட ஆட்சியருக்கும் துணைக் காவல் கண்காணிப்பாளருக்கும் அளித்து, ஒப்புகை பெற வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்குப் பதிவு எண் கிடைக்கும். கைபேசி டெசிபல் செயலியின் அளவு துல்லியமானதன்று. ஆயினும் நாள், நேரம், இடம் தெரியும்படி எடுத்த காணொளி புகாருக்கு வலுச்சேர்க்கும். கிரஷர், ஆலை போன்றவற்றின் தொடர் இரைச்சலுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அணுக வேண்டும். பொதுத் தொல்லையை நீக்க ஆணையிடும் அதிகாரம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவே இது.

சட்டப் புத்தகம் சொல்லாத ஓர் இடர்ப்பாட்டையும் சொல்ல வேண்டும். ஊர்க் கோயில் ஒலிபெருக்கி மீது சேரியிலிருந்து புகார் போனால், அது ஒலிமாசுப் புகாராகப் பார்க்கப்படுவதில்லை. "சாதி மோதலைத் தூண்டும் செயல்" என்று பேசப்படுகிறது. புகார் கொடுத்த குடும்பத்துக்கு மறுநாள் தோட்ட வேலை மறுக்கப்படலாம். ஆகவே ஒரு மாணவரின் பெயரில், ஒரு குடும்பத்தின் பெயரில் மனு கொடுப்பதைத் தவிர்த்து, பெற்றோர் பலர் கையெழுத்திட்டு, தேர்வு அட்டவணையை இணைத்து, திருவிழா தொடங்கும் முன்பே கொடுப்பது நல்லது. அனுமதி வழங்கும்போதே நேரத்தையும் ஒலி அளவையும் நிபந்தனையாக்கும்படி கேட்பது, நடுஇரவில் சண்டையிடுவதைவிடப் பாதுகாப்பானது. புகாரின் பேரில் பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினாலோ அச்சுறுத்தினாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளும், சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்புக்கு 3(1)(இசட்சி) பிரிவும் பொருந்தும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சமூகத்தைச் சேராத அரசு ஊழியருக்கு அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு உண்டு.

இச்சட்டத்தை எவருக்கும் எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்பதிலும் நாம் தெளிவாக இருக்க வேண்டும். பாங்கு ஓசையை மட்டும் குறிவைத்து, ஊர்வல இசைக்குக் காதை மூடிக்கொள்ளும் அரசியலை நாடெங்கும் பார்க்கிறோம். நம் பறையோசையை இரைச்சல் என்று இகழ்ந்துகொண்டே, தங்கள் சாவுக்கு அதையே கட்டாயப்படுத்தி அடிக்கவைத்த வரலாறும் நமக்குத் தெரியும். யார் எழுப்பும் ஓசை என்பதைப் பார்க்காமல், எவ்வளவு, எப்போது, எங்கே என்று மட்டுமே பார்க்கும்போதுதான் இவ்விதி நீதியாகிறது.

அதே அளவுகோல் நம் விழாக்களுக்கும் உரியது. 2025இல் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் தேர்வு ஏப்ரல் 15 அன்று நடந்தது. அதற்கு முந்தைய நாள் அம்பேத்கர் பிறந்தநாள். அந்த நாளின் மாலையில் ஒலிபெருக்கியைத் தாழ்த்தி வைப்பதும், தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதையே. நம் தெருவில் நாம் கடைப்பிடித்த ஒழுங்கு, ஊர்த் தெருவிடம் கேட்கும் உரிமைக்கு வலுவையும் தரும்.

கேட்டுப் பெற வேண்டியவை

முதல் கோரிக்கை, விடுதிகளை அமைதி மண்டலமாக அறிவிப்பது. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்பது விதி. முன்பு அந்தப் பாதுகாப்பு தானாகவே கிடைத்துவந்தது. 2017இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், மாநில அரசு அறிவித்தால்தான் ஓரிடம் அமைதி மண்டலமாகும். ஆதிதிராவிடர் நல விடுதிகளையும் உள்ளடக்கிய அரசு விடுதிகளுக்கு 2025இல் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் சூட்டப்பட்டது. அவற்றைக் கல்வி நிறுவனமாகக் கருதி, சுற்றுப்புறத்தை அமைதி மண்டலமாக அறிவிக்கும் ஆணையும் வர வேண்டும். எந்தெந்த விடுதிகளுக்கு அப்படிப்பட்ட அறிவிப்பு உள்ளது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பது முதல் படி.

இரண்டாவது, குடியிருப்புதோறும் ஒரு படிப்பகம். சென்னை கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்ற பெயரில் மாணவர் அமைதியாக அமர்ந்து படிக்கும் கூடத்தை அரசே அமைத்துள்ளது. அந்தத் தேவை நிலக்கோட்டைக்கும் வேடசந்தூருக்கும் உண்டு. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006க்குப் பின் ஊராட்சிகளில் கட்டப்பட்ட நூலகங்களில் பூட்டிக் கிடப்பவற்றைத் திறந்து, மாலை 5 முதல் இரவு 9 வரை விளக்கும் விசிறியும் பொறுப்பாளரும் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. சேரிப் பிள்ளைகள் தயக்கமின்றி நுழையும் இடத்தில் அது இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையேல் நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நிதி. அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு 1000 கோடி ரூபாய் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென 2024இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. சாலை, சாக்கடை, விளக்கு என்று பட்டியல் போடும்போது படிப்பகத்தையும் அதில் எழுதவைப்பது நம் பொறுப்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. படிப்பகம் வேண்டும் என்றும், பொதுத்தேர்வு முடியும்வரை மாலை நேர ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றும் தீர்மானம் கொண்டுவரலாம். ஜனவரி 26 கூட்டம் தேர்வுக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்னால் வருகிறது. கோயில் கொடியேற்றத்துக்கும் முன்னால் வருகிறது.

பட்டியல் சாதியினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் பேண வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் பிரிவு அரசுக்குக் கட்டளையிடுகிறது. உதவித்தொகையும் பாடநூலும் அக்கட்டளையின் பகுதிகள். அந்தப் பாடநூலைத் திறந்து வைத்து, இரண்டு மணி நேரம் குறுக்கீடின்றி உட்காரக் கிடைக்கும் ஓரிடமும் அதன் பகுதிதான். காதில் இயர் பிளக் வைத்துக்கொண்டு நாளைய தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை தன் பங்கைச் செய்துகொண்டிருக்கிறது. மீதியைச் செய்ய வேண்டியவர்கள் பெற்றோர், அமைப்புகள், வழக்கறிஞர்கள், ஊராட்சி, அரசு என நாம் அனைவரும்.